மணலுக்குக் கீழும் கம்பிக்கு மேலும்: கல்முனைக் கரையின் கொங்கிறீட் வீடுகள்

1. கேள்வி

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இன்று எழும் வீடு பெரும்பாலும் ஒரே வகையானது: கருங்கல் அத்திவாரம், சீமெந்துக் கல் சுவர், மூலைகளில் கொங்கிறீட் தூண், மேலே கொங்கிறீட் தளம், தளத்துக்கு மேலே அடுத்த மாடிக்கென்று வெட்டாமல் விட்ட கம்பிகள். மருதமுனை தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை, பிரதான வீதிக்குக் கிழக்கே கடலை நோக்கி இறங்கும் எந்தக் குறுக்கு வீதியிலும் இதைக் காணலாம். இந்த வீட்டைப் பற்றி ஊரில் நிலவும் மதிப்பீடும் ஒன்றுதான்: கொங்கிறீட் போட்ட வீடு நிற்கும், ஓட்டு வீடு போகும்.

இம்மதிப்பீடு வெறும் அந்தஸ்து ஆசையிலிருந்து பிறந்ததன்று. 1978இன் சூறாவளியையும் 2004இன் கடற்கோளையும் கண்ட தலைமுறையின் அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. ஆயினும் அனுபவம் எதைக் கண்டது, அதிலிருந்து எதை முடிவு கட்டியது என்பவை தனித்தனியே ஆராயத்தக்கவை. நின்ற வீடுகளை நிறுத்தியது கொங்கிறீட் என்ற பொருளா, அவற்றின் அத்திவாரமா, அமைப்பா? உப்புக் காற்றில் அதே கொங்கிறீட் எத்தனை ஆண்டுக்கு அப்படியே இருக்கும்? இக்கட்டுரையின் நிலைப்பாட்டை முன்னதாகவே சொல்லிவிடலாம். தளத்துக்குக் கிடைக்கும் பணமும் கவனமும், மூடியபின் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களுக்குக் கிடைப்பதில்லை. ஒன்று மணலுக்குள் இறங்கும் அத்திவாரம். மற்றது கம்பியைப் போர்த்தும் ஒன்றரை அங்குலக் கொங்கிறீட்.

2. கொங்கிறீட் வந்த வழி

போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றார். கம்பி வைத்த கொங்கிறீட்டுக்கு பிரான்சின் தோட்டக்காரர் ஜோசப் மோனியே 1867இல் பெற்றார். அவருக்கு வேண்டியிருந்தது உடையாத பூந்தொட்டி. தூண், பீம், தளம் மூன்றையும் ஒரே உடம்பாக வார்க்கும் முறையை 1892இல் பிரான்சுவா எனபிக் நிலைநாட்டினார். இன்று கல்முனையில் மேசன் ஒருவர் கட்டும் வீடும் அந்த முறையின் வழிவந்ததே.

இலங்கையில் அது சாதாரண வீடுகளை எட்டுவதற்கு உள்நாட்டுச் சீமெந்து தேவைப்பட்டது. காங்கேசன்துறை ஆலை 1950இலும் புத்தளம் ஆலை 1970இலும் உற்பத்தியைத் தொடங்கின. ஒருவலையில் சோவியத் உதவியுடன் அமைந்த உருக்கு ஆலை 1960களிலிருந்து கம்பி தந்தது. யுத்தம் காரணமாகக் காங்கேசன்துறை 1990இல் நின்றபோது, 1980களில் தொடங்கிய திருகோணமலை ஆலை கிழக்குக்கு அருகிலிருந்த மூலமாயிற்று.

பொருள் கிடைத்தது என்பது மட்டும் போதிய விளக்கமாகாது. இந்தக் கரையில் கொங்கிறீட் தளம் பரவியதற்குச் சமூகக் காரணமொன்று உண்டு. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே காட்டியபடி, இப்பகுதி முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் திருமணத்தின்பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள குடும்பம் அத்தனை வீடுகளுக்கு வளவு தேட வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள மணல் மேட்டில் நிலம் பேர்ச்சஸ் கணக்கில் துண்டாகிவிட்டது. ஆகவே மூத்த மகளுக்குக் கீழ்வீடு, அடுத்தவளுக்கு மேல்மாடி என்ற ஏற்பாடு இயல்பாக வந்தது. தூணுக்கு மேலே நீட்டி விட்ட கம்பி இளைய மகளின் கல்யாணத்துக்கான முன்னேற்பாடு. அந்தக் கம்பி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடற்காற்றில் நிற்பது ஒரு பொறியியல் பிரச்சினை என்பதைக் குடும்பக் கணக்கு கண்டுகொள்வதில்லை.

3. 1978இன் காற்றும் 2004இன் நீரும்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை ஊடறுத்த சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டு போனது. அழிவின் பெரும்பகுதி கூரையிலிருந்து தொடங்கியது. ஓடு பறந்தது, கூரைச் சட்டம் கழன்றது, மேலே பிடிமானமற்றுப் போன சுவர் சரிந்தது. இதன்பின் 1980இல் வெளியான பலத்த காற்றுக்கான கட்டட வழிகாட்டி, நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்துக் கிழக்குக் கரையை முதலாம் வலயத்தில் வைத்தது. சாதாரணக் கட்டடங்களுக்கே விநாடிக்கு 49 மீற்றர் வேகம் கணக்கில் கொள்ளப்பட்டது. கொங்கிறீட் தளம் இதற்கு நேரடி விடை. ஐந்து அங்குலத் தளம் சதுர மீற்றருக்கு 300 கிலோ எடை கொண்டது. எந்தச் சூறாவளியும் அதைத் தூக்காது. காற்றைப் பொறுத்தவரை ஊரின் மதிப்பீடு சரியானது.

நீரின் கணக்கு வேறு. விநாடிக்கு 49 மீற்றர் வேகக் காற்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1.5 கிலோநியூட்டன் அழுத்தம் தரும். விநாடிக்கு வெறும் 5 மீற்றர் வேகத்தில் வரும் நீர் 12.5 கிலோநியூட்டன் தரும், அதாவது எட்டு மடங்குக்கும் அதிகம். பத்தடிக்குப் பத்தடிச் சுவரொன்றின் மேல் சூறாவளி ஒன்றரைத் தொன்னுக்குக் குறைவாகத் தள்ளினால், அந்த நீர் பதினொரு தொன்னுக்கு மேல் தள்ளும். தடையைச் சுற்றிப் பாயும்போது விசை இன்னும் கூடும்; அடித்து வரும் மரமும் படகும் மோதுவது இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆறங்குலச் சீமெந்துக் கல் சுவர் இதைத் தாங்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தக் கடற்கோளில் இலங்கையின் மாவட்டமொன்று கண்ட மிகப் பெரிய இழப்பு அது. பின்னர் கரையில் எஞ்சியிருந்தவற்றைப் பார்த்தோர் பொதுவாகச் சொல்வது, தூண் எழுப்பித் தளம் போட்ட கட்டடங்கள் நின்றன, மற்றவை போயின என்பதே. பள்ளிவாசல்கள் நின்றதைச் சிலர் அற்புதமாகவும் சிலர் கொங்கிறீட்டின் வலிமையாகவும் கண்டனர். ஆச்சேயின் லம்புக்கில் ஊரே தரைமட்டமான பின் தனித்து நின்ற ரஹ்மத்துல்லா பள்ளிவாசலின் படம் உலகெங்கும் சென்று இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது.

நம்பிக்கை சார்ந்த விளக்கத்தை மறுக்க இக்கட்டுரைக்கு அவசியமில்லை. கட்டட அமைப்பு சொல்லும் விளக்கமும் அதனுடன் முரண்படவில்லை. பள்ளிவாசலின் கீழ்த்தளம் தூண்களால் நிறைந்தது, வாசல்களும் யன்னல்களும் அகலமானவை. நீர் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. விசை தாங்கும் பரப்பு குறைகிறது. யன்னல் நிலைகளும் நிரப்புச் சுவர்களும் உடைந்துபோவது இங்கே பாதுகாப்பாகவே முடிகிறது, ஏனெனில் அவை உடைவதால் தூணுக்கு வரும் சுமை குறைகிறது. தொழுகைக் கூடத்தின் பாரமான தூண்களுக்கு அகலமான, ஆழமான அடி இடப்பட்டிருப்பதும் வழக்கம். ஆகவே காத்தது மூன்றின் கூட்டு: திறந்த கீழ்த்தளம், ஒன்றோடொன்று கட்டப்பட்ட தூண்களும் பீம்களும், ஆழமான அடி. இம்மூன்றில் முதலாவதையும் கடைசியையும் விட்டுவிட்டுத் தூணையும் தளத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டது 2005க்குப் பிந்திய வீடு. மேல்மாடி ஏறித் தப்பியவர்கள் அநேகர் என்பதால் தளத்தின் பயன் உண்மையே. கீழே நிலம் கரையாத வரைக்கும்தான் அது.

4. மணலும் அத்திவாரமும்

கரையோர மணல் கெட்ட நிலம் என்ற கருத்து சரியன்று. இரண்டு மாடி வீட்டின் சுவர் மீற்றருக்கு ஐந்தாறு தொன் இறக்கினால், இரண்டரை அடி அகல அத்திவாரத்தில் அது சதுர மீற்றருக்கு ஏழெட்டுத் தொன் ஆகும். இறுகிய மணல் இதைச் சிரமமின்றித் தாங்கும். களிமண் போல் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல அமிழ்வதுமில்லை. அமிழ வேண்டியதெல்லாம் கட்டும்போதே அமிழ்ந்து முடிகிறது. ஒரேயொரு நிபந்தனை: மணல் பக்கவாட்டில் நகர இடம் இருக்கக்கூடாது. அடைபட்டிருக்கும் வரை மணல் பாறைக்கு அடுத்தபடி. அடைப்பு நீங்கினால் அதற்கென்று எந்தப் பிடிப்பும் இல்லை.

இங்கு வழக்கமான அத்திவாரம் கருங்கல்லால் ஆனது. இரண்டு அல்லது மூன்றடி ஆழத்துக்குக் கான் வெட்டி, அடியில் மெல்லிய கொங்கிறீட் படை இட்டு, உள்நாட்டுக் கல்லுடைப்புகளிலிருந்து வரும் கருங்கல்லைச் சாந்தில் அடுக்கித் தரைக்கு மேல் ஒன்றரை அடிக்குக் கொண்டுவருவார்கள். மழைகாலத்தில் கான் வெட்டும்போதே நீர் ஊறிவிடும். அதற்குக் கீழே இறங்க மேசன்மார் விரும்புவதில்லை. ஆழத்தைத் தீர்மானிப்பது பல வேளைகளில் கணக்கு அன்று, கானில் ஊறும் தண்ணீர்தான்.

அலை இந்த அத்திவாரத்தை மேலிருந்து உடைப்பதில்லை, கீழிருந்து வெறுமையாக்குகிறது. கட்டடத்தின் மூலையில் நீரோட்டம் திரும்பும்போது வேகம் கூடுகிறது. அங்கே மணல் கரைந்து குழி விழுகிறது. உள்ளே வந்த நீர் திரும்பும்போது இன்னொரு முறை அரிக்கிறது. மூன்றடி ஆழக் கருங்கல் கட்டுக்கு அடியில் நாலடிக் குழி விழுந்தால் அது அந்தரத்தில் நிற்கிறது. கருங்கல் கட்டு நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தொங்கும் துண்டு முறிந்து விழ, மேலிருக்கும் மூலைச் சுவரும் அதனோடு போகிறது. கடற்கோளுக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் மூலை பெயர்ந்து நடு அறை மட்டும் நின்ற வீடுகள் காட்டியது இதையே.

கீழ்த்தரையின் கதையும் இதோடு ஒட்டியது. அத்திவாரச் சுவர்களுக்கு இடையே மணல் நிரப்பி, நீரூற்றி இறுக்கி, அதன்மேல் கம்பியில்லாத மூன்றங்குலக் கொங்கிறீட் போட்டு மெழுகுவது அல்லது டைல்ஸ் பதிப்பது வழக்கம். நிரப்பிய மணல் ஓரத்தால் ஒழுகினால், பளபளக்கும் தரை கீழே ஒன்றுமில்லாத மூடியாக மிஞ்சும். சுனாமி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆறு ஏழு பேர்ச்சஸ் வளவில் மலசலகூடக் குழி அத்திவாரத்துக்கு மூன்று நாலடிக்குள் தோண்டப்படுகிறது. அக்குழியின் பக்கம் இடிந்தாலும் அதே மணல் ஒழுகும். அறை மூலையில் டைல்ஸைத் தட்டினால் கேட்கும் வெற்றொலி பெரும்பாலும் இதன் அறிகுறி.

தீர்வு புதியதன்று. தூண்களின் அடிகளைக் கூடிய ஆழத்துக்கு இறக்கி, கருங்கல் கட்டின் தலையில் கம்பி வைத்த கொங்கிறீட் பீமொன்றை வீட்டைச் சுற்றிலும் உட்சுவர்களின் கீழும் ஓடவிட்டு, எல்லா மூலைகளிலும் கம்பியைத் திருப்பிக் கட்டினால், ஓரிடத்தில் மணல் போனாலும் பீம் அந்த இடைவெளியைத் தாண்டி நிற்கும். நாலு கம்பிகளும் வளையங்களும் கொண்ட ஒன்பது அங்குலச் சதுரப் பீமின் செலவு மேல்தளச் செலவின் சிறு பங்கே. ஈரம் தடுக்கும் படையை மட்டும் இட்டு இந்தப் பீமைத் தவிர்ப்பது, சிக்கனம் என்று சொல்லத் தகாத இடத்தில் செய்யப்படும் சிக்கனம்.

வயல் பக்கம் நிலைமை தலைகீழ். கடற்கோளுக்குப் பின் அரசு வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கட்டடமற்ற வலயம் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இடையில் குடியிருப்புகள் மேற்கே நகர்ந்தன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் போன்றவை கிரவல் கொட்டி நிரப்பிய வயல் நிலத்தில் எழுந்தன. அங்கே அரிப்பு அபாயம் குறைவு. ஆனால் அடியிலிருக்கும் வயற்களி நீர் குடித்தால் உப்பும், கச்சான் காற்றுக்கால வெயிலில் சுருங்கும். நிரப்பிய மண்ணின் பாரத்தாலேயே ஆண்டுக்கணக்கில் அமிழும். யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு இதன் முத்திரை. கடற்கரையில் பழகிய அதே மூன்றடி அத்திவாரத்தை அங்கேயும் கொண்டுபோய் வைத்ததால் வந்தது இது.

5. தளம்: கம்பி எங்கே இருக்கிறது

கொங்கிறீட்டின் இழுவை வலிமை அதன் நசுக்கல் வலிமையில் பத்திலொரு பங்கு. அதனால் இழுவை வரும் பக்கத்தில் கம்பி வேண்டும். இரு பக்கமும் சுவரில் தங்கும் தளத்தில் இழுவை நடுப்பகுதியின் கீழ்ப்பக்கம் வரும்; வீதியை நோக்கி நீளும் பல்கனியில் மேற்பக்கம் வரும். கட்டுவோர் எல்லாரும் இதை அறிவர். பிழை நேர்வது அறியாமையால் அன்று, கொங்கிறீட் போடும் நாளின் நெருக்கடியால்.

அந்த நாள் ஊரில் ஒரு விசேஷம் போல. விடியற்காலையில் கலவை இயந்திரம் வரும். ஒன்றுக்கு இரண்டு, நாலு என்ற விகிதத்தில் சீமெந்து, மணல், சல்லி கொட்டப்படும். வரிசையாக நின்று தாச்சி கைமாறும். மத்தியானச் சாப்பாடு வீட்டுக்காரரின் பொறுப்பு. இருட்டுமுன் முடிக்க வேண்டும். பல்கனியின் மேற்கம்பி ஓடித்திரியும் கால்களின் கீழ் மிதிபட்டு இரண்டங்குலம் கீழிறங்கிவிடுகிறது. பலகை கழற்றும்வரை எவருக்கும் தெரியாது. கழற்றியபின் பல்கனி தொய்ய, அடியில் முட்டு மீண்டும் நிரந்தரமாக வைக்கப்படுகிறது, அது அலங்காரத் தூண் என்று பெயர் பெறுகிறது. கலவை எளிதாக ஓடவேண்டும் என்று ஊற்றும் அதிக நீரும் இதே அவசரத்தின் பிள்ளை. 50 கிலோ மூடைக்கு 25 லீற்றர் போதும். கூடுதலாக ஊற்றிய நீர் பின்னர் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகள்தான் உப்பு உள்ளே நடக்கும் பாதை.

6. கம்பியும் உப்பும்

புதுக் கொங்கிறீட் கடுங்காரத் தன்மை கொண்டது. அதன் பிஎச் 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் உருவாகும் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் துருவைத் தடுக்கிறது. குளோரைட்டு கம்பியை எட்டினால் படலம் உடைகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த விரிவு கொங்கிறீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பி ஓடும் வழியே நேர்கோட்டு வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, பிறகு தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து பாளம் பாளமாக உதிர்வு.

குளோரைட்டு வரும் வழிகள் இரண்டு. முதலாவது, கட்டும்போதே கலந்துவிடுவது. இலங்கைப் பொறியியலாளர் நெடுங்காலம் பின்பற்றிய பிரித்தானிய நியமமான பீஎஸ் 8110, கம்பி வைத்த கொங்கிறீட்டில் சீமெந்து எடையின் 0.4 சதவீதத்துக்கு மேல் குளோரைட்டு கூடாது என்கிறது. ஒரு கனமீற்றரில் 300 கிலோ சீமெந்து எனக் கொண்டால் எல்லை 1.2 கிலோ. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. 180 லீற்றர் கடல்நீரில் குழைத்த கொங்கிறீட்டில் 3.4 கிலோ சேரும், எல்லையின் மூன்று மடங்கு. எவரும் கடல்நீரில் குழைப்பதில்லை. ஆனால் கடலில் ஐந்திலொரு பங்கு உவர்ப்புள்ள கிணற்று நீரே அனுமதியின் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். கழுவாத கடல்மணலும் சேர்ந்தால் எல்லையை எளிதில் தாண்டலாம். கரை மணலை அள்ளுவதைக் கரையோரப் பாதுகாப்புக்கான 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துவதன் நோக்கம் கரையைக் காப்பது. கட்டடத்தைக் காப்பது அதன் எதிர்பாராத பலன். நீராற்றும் நாட்களில் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீரும் அதே கிணற்றிலிருந்துதான் வருகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது வழி காற்று. வாடைக் காலத்தில், நவம்பர் முதல் பெப்ரவரி வரை, காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. அலை உடையும் இடத்தில் எழும் உப்புத்திவலைகள் முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் படிந்துவிடும். இவ்வூர்களில் அந்தச் சில நூறு மீற்றருக்குள்தான் வீடுகள் அதிகம் நெருங்கியிருக்கின்றன. மழையில் நனைந்து கச்சானில் காய்வது மாறிமாறி நடப்பதால் உப்பு உள்ளே இழுபட்டுச் செறிகிறது.

இதைத் தாமதிக்க இருப்பது கம்பியின் மேலுள்ள கொங்கிறீட் மூடல், மேசன்மார் வழக்கில் 'கவர்'. வறண்ட உள்நாட்டு வீட்டுக்கு 20, 25 மில்லிமீற்றர் போதும். கடல்முகத்தில் 40 முதல் 50 வேண்டும். உப்பு ஊடுருவும் காலம் மூடலின் தடிப்போடு ஏறத்தாழ வர்க்க விகிதத்தில் கூடும். 40 மில்லிமீற்றருக்குப் பதில் 20 விட்டவர் ஆயுளைப் பாதியாக்கவில்லை, காலாக்கிவிட்டார். செலவு வித்தியாசமோ, கம்பியின் அடியில் வைக்கும் சாந்துக் கட்டைகளும் சிறிதளவு கூடுதல் கொங்கிறீட்டும் மட்டுமே. கட்டைக்குப் பதிலாகச் சல்லித் துண்டைச் செருகுவது பரவலான பழக்கம். அது சறுக்கி விழுந்தால் கம்பி பலகையிலேயே படுத்துவிடும்.

இளைய மகளுக்காக விட்ட கம்பி இங்கே மீண்டும் வருகிறது. மேலே துருவேறும் கம்பி, தூணுக்குள் செல்லும் பாதையையும் திறந்துவிடுகிறது. தூணின் தலையில் முதலில் வெடிப்பது இதனால்தான். 2022இன் பொருளாதார நெருக்கடியில் 50 கிலோ சீமெந்து மூடை 3,000 ரூபாயைத் தாண்டியபோது இடைநின்ற மாடிகள் அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டின. கம்பிமேல் சீமெந்துப் பால் பூசி, மெலிந்த கொங்கிறீட்டால் மூடிவைத்துத் தேவையானபோது உடைத்தெடுப்பது மலிவான வழி. பொலித்தீன் சுற்றிக் கட்டுவது பயனற்றது. ஈரத்தை உள்ளே அடைத்துத் துருவை வேகமாக்கும்.

7. கரை நகரும்போது

மேலே சொன்ன எல்லாக் கணக்குகளும் கரைக்கோடு நிலையானது என்ற எடுகோளில் நிற்பவை. ஒலுவில் துறைமுகம் அந்த எடுகோளைக் கேள்விக்குள்ளாக்கியது. 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட அதன் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கில் மணல் சேர, வடக்கில் ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன. தென்னைகள் சாய்ந்தன, கட்டடங்கள் கடலுக்குள் இறங்கின. மாளிகைக்காட்டில் மையவாடி மதில்வரை கடல் வந்தது.

இத்தகைய அரிப்பு சுனாமியைப் போல் ஒருநாளில் முடிவதன்று. ஒவ்வொரு வாடைக்கும் சில மீற்றர் என்று நிலத்தையே எடுத்துக்கொள்ளும்போது, ஆழமான அடியும் சுற்றுப் பீமும் வீட்டின் விழுகையைச் சில காலம் தள்ளிப்போடும், நிறுத்தாது. கல் கொட்டிய அணை ஓரிடத்தைக் காத்து அடுத்த ஊரின் பக்கம் அரிப்பைத் தள்ளுவதும் இக்கரையில் காணக்கூடியதே. எனவே அத்திவார வடிவமைப்பில் ஆழம், அகலம், கம்பி ஆகியவற்றுடன், கரைக்கோட்டிலிருந்து வீட்டின் தூரமும் அந்தத் தூரம் ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறது என்பதும் நான்காவது, ஐந்தாவது அளவுகளாகச் சேர வேண்டும். வீட்டுத் திட்ட அனுமதிக்காக உள்ளூராட்சி மன்றத்துக்குச் செல்லும் வரைபடத்தில் அறைகளின் அளவும் தளத்தின் தடிப்பும் குறிக்கப்படுகின்றன. கரையிலிருந்து தூரத்தையும் அதன் ஆண்டுக் குறைவையும் அதே தாளில் கேட்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை.